தெரிந்த முகம், தெரியாத ஆள்: நினைவும் சூழலும் பற்றி வாசகர் கேள்வி-பதில்

நினைவு, மறதி பற்றி அண்மையில் வந்த கேள்விகளில் பலவும் ஒரே இடத்தைத் தொட்டு நிற்கின்றன. நாம் நினைவில் வைத்திருக்கும் பொருளை, அதைக் கண்ட இடத்தோடும் நேரத்தோடும் மூளை எப்படிச் சேர்த்து வைக்கிறது என்பதே அது. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: உறவினர் வீட்டுத் திருமணப் பந்தியில் பக்கத்து இலையில் அமர்ந்திருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்து நலம் விசாரித்தார். நன்றாகத் தெரிந்த முகம். ஆனால் யாரென்று பிடிபடவில்லை. “அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்திருக்குமே?” என்று அவர் கேட்ட பிறகுதான், எங்கள் தெரு மருந்துக் கடைக்காரர் என்று பொறி தட்டியது. மாதந்தோறும் பார்க்கும் ஆளை இப்படி மறக்கலாமா? எனக்கு 45 வயது. பயப்பட வேண்டுமா?
— திருநெல்வேலி வாசகி

பயப்பட வேண்டியதில்லை. அந்த முகத்தை நீங்கள் மறக்கவே இல்லை; மறந்திருந்தால் தெரிந்த முகம் என்ற உணர்வே வந்திருக்காது. சற்று நேரம் உங்கள் பிடியிலிருந்து நழுவியது, அந்த முகத்துக்கும் அது வழக்கமாகத் தென்படும் இடத்துக்கும் இடையிலான தொடர்பு மட்டுமே. கடையில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணாடி மேசையும், அடுக்கடுக்கான மாத்திரைப் பெட்டிகளும், மருந்து வாடையும், உங்கள் கையிலிருக்கும் மருந்துச் சீட்டும் கூடவே இருந்தன. அவர் யார் என்பதை எடுத்துக் கொடுக்கும் வேலையில் பெரும்பங்கை அவையே செய்துவந்தன. பட்டு வேட்டியோடு பந்தியில் அமர்ந்திருந்தவரைப் பார்த்தபோது, அந்தத் துணைகள் எவையும் இல்லாமல் முகம் மட்டும் தனியே வந்து நின்றது.

உளவியலாளர் ஜார்ஜ் மாண்ட்லர் 1980-இல் எழுதிய கட்டுரையில் ஏறக்குறைய இதே அனுபவத்தை எடுத்துக்காட்டினார். பேருந்தில் ஒருவரைப் பார்க்கிறோம். தெரிந்தவர்தான் என்பதில் ஐயமே இல்லை. வெகுநேரம் யோசித்த பிறகு, நாம் இறைச்சி வாங்கும் கடைக்காரர் அவர் என்பது நினைவுக்கு வருகிறது. இதில் இரண்டு வேறுபட்ட செயல்கள் நடக்கின்றன என்பது மாண்ட்லரின் வாதம். முதலாவது, ‘இதை முன்பே கண்டிருக்கிறேன்’ என்ற பரிச்சய உணர்வு. அது உடனே, முயற்சியின்றி வருகிறது. இரண்டாவது, எங்கே, எப்போது, எந்த நிலையில் கண்டேன் என்பதை மீட்டெடுப்பது. அதற்குப் பொருளோடு சூழலும் சேர்ந்து வர வேண்டும்.

மூளையின் அமைப்பிலும் இந்தப் பிரிவு தெரிகிறது. தலையின் இருபுறமும் காதுகளை ஒட்டி அமைந்திருக்கும் பொட்டு மடலின் உட்பகுதியில், பெரிரைனல் புறணி என்ற பகுதி முகம், பொருள் போன்ற தனித்தனி உருப்படிகளைப் பற்றிய செய்தியைப் பெரிதும் கையாளுகிறது. அதன் அருகிலுள்ள பாராஹிப்போகாம்பல் புறணி இடம், காட்சி, பின்னணி ஆகியவற்றைக் கையாளுகிறது. இந்த இரண்டு ஓட்டங்களும் என்டோரைனல் புறணி வழியாகச் சென்று ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் ஒன்றுசேர்கின்றன. ‘இந்த முகம், இந்த இடத்தில்’ என்ற முடிச்சு விழுவது அங்கேதான் என்று, பல ஆய்வுக் குழுக்களின் முடிவுகளைத் தொகுத்து 2007-ஆம் ஆண்டு வாக்கில் ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் இன்றும் செல்வாக்கோடு இருக்கிறது.

மாத்திரை பற்றிய ஒரே ஒரு வாக்கியம் எல்லாவற்றையும் திறந்துவிட்டதற்கும் விளக்கம் உண்டு. ஹிப்போகாம்பஸுக்குள் சிஏ3 என்றழைக்கப்படும் பகுதியின் நரம்பணுக்கள் தங்களுக்குள்ளேயே பெருமளவில் இணைப்புக் கொண்டவை. ஒரு நினைவின் சிறு பகுதி அங்கே தூண்டப்பட்டால், அந்த இணைப்புகளின் வழியே மீதிப் பகுதியும் எழுந்து வருகிறது. அவர் பேசிய வாக்கியம் கடையின் ஒரு துணுக்கு. மூளை அதைக்கொண்டு முழுக் கடையையும் கட்டி எழுப்பியது.

கேள்வி: பொருளின் நினைவும் சூழலின் நினைவும் வெவ்வேறு என்பதை எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்? மூளைக்குள் யார் போய்ப் பார்த்தது?
— யாழ்ப்பாணக் கல்லூரி மாணவர்

முதல் சான்றுகள் நோயாளிகளிடமிருந்து கிடைத்தன. அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்பவருக்குக் கடுமையான வலிப்பு நோய் இருந்தது. அதைக் கட்டுப்படுத்த 1953-இல் அவருடைய மூளையின் இருபுறத்திலும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் அதைச் சூழ்ந்த சில பகுதிகளையும் அறுவை மருத்துவர் நீக்கினார். அதன் பிறகு 2008-இல் இறக்கும் வரை, சற்று முன் சந்தித்தவரையும் சற்று முன் உண்ட உணவையும் அவரால் நினைவுகூர முடியவில்லை. ஆனால் பேச்சும் அறிவுக்கூர்மையும் குன்றவில்லை. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தபடி கோடு வரையும் பயிற்சியில் அவர் நாளுக்கு நாள் தேர்ச்சி பெற்றார். அப்படி ஒரு பயிற்சியைச் செய்ததே அவருக்கு நினைவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் பொறுமையோடு பதிவு செய்த இந்த உண்மைகளிலிருந்துதான் நவீன நினைவாய்வு வளர்ந்தது.

என்னை இன்னும் ஆழமாக யோசிக்க வைப்பது, லண்டனில் பாரனே வர்கா-காடெம் குழுவினர் 1997-இல் விவரித்த இளம் நோயாளிகள். பிறப்பின்போதோ சிறுவயதிலோ அவர்களுடைய ஹிப்போகாம்பஸ் பாதிக்கப்பட்டிருந்தது. காலையில் பள்ளியில் என்ன நடந்தது, பொருளை எங்கே வைத்தோம், இன்று யாரைப் பார்க்க வேண்டும் என்பவை அவர்களிடம் தங்கவில்லை. அப்படியிருந்தும் அவர்கள் வழக்கமான பள்ளியில் படித்து, எழுதப் படிக்கக் கற்று, உலகத்தைப் பற்றிய பொது அறிவையும் ஓரளவு நன்றாகவே பெற்றிருந்தார்கள். ‘எது’ என்பது சேர்ந்துகொண்டே போக, ‘எங்கே, எப்போது’ மட்டும் சேராமல் போக முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

மூளைக்குள் நேரடியாகப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். வலிப்பு எங்கிருந்து தொடங்குகிறது என்று கண்டறிய, சில நோயாளிகளின் மூளையில் மெல்லிய மின்முனைகளைச் சில நாட்களுக்குப் பொருத்துவதுண்டு. அந்த நாட்களில், அவர்களின் இசைவோடு, ஒற்றை நரம்பணு ஒன்றின் துடிப்பைக்கூடக் கேட்கலாம். 2015-இல் வெளிவந்த ஆய்வில் மத்தியாஸ் ஐசன் குழுவினர் செய்தது இது: குறிப்பிட்ட ஒரு பிரபலத்தின் படத்துக்கு மட்டும் துடிக்கும் நரம்பணுவைக் கண்டுபிடித்தார்கள், ஒரு புகழ்பெற்ற கட்டடத்தின் படத்துக்கு அது துடிக்கவில்லை என்பதையும் உறுதிப்படுத்திக்கொண்டார்கள், பிறகு அந்தப் பிரபலம் அந்தக் கட்டடத்தின் முன் நிற்பது போன்ற படத்தைக் காட்டினார்கள். நோயாளி அந்த இணையைக் கற்றுக்கொண்டதும், அதே நரம்பணு கட்டடத்தின் படத்தைத் தனியே பார்த்தபோதும் துடிக்கத் தொடங்கியது. சில நேரங்களில் ஒரே முறை பார்த்ததே போதுமானதாக இருந்தது. ஆளும் இடமும் முடிச்சிடப்படும் கணத்தை ஒரு நரம்பணுவின் அளவில் கண்டதாக இதைச் சொல்லலாம்.

கேள்வி: அரசுப் பணித் தேர்வுக்காக வீட்டு மாடியில் ஒரே மூலையில் அமர்ந்து படிக்கிறேன். வீட்டில் தலைகீழாக ஒப்பிக்கிறேன். தேர்வுக் கூடத்தில் வெறுமையாகி விடுகிறது. படிக்கும் இடமும் எழுதும் இடமும் ஒன்றாக இருந்தால்தான் நினைவு வரும் என்கிறார்களே, அது உண்மையா?
— மதுரை வாசகர்

பாதி உண்மை. இந்தக் கருத்துக்கு அடிப்படையாகக் காட்டப்படுவது, டங்கன் காடன், ஆலன் பேட்லி ஆகிய இருவரும் 1975-இல் வெளியிட்ட சோதனை. பல்கலைக்கழக நீர்மூழ்குக் கழகத்தினரை ஸ்காட்லாந்துக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, 36 சொற்கள் கொண்ட பட்டியல்களைக் கரையில் ஒரு முறையும், ஏறத்தாழ 20 அடி ஆழத்தில் நீருக்குள் ஒரு முறையும் கேட்கச் செய்தார்கள். பிறகு அதே இடத்திலோ இடத்தை மாற்றியோ நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். கரையில் கற்றுக் கரையில் எழுதியவர்களுக்குச் சராசரியாக 13.5 சொற்கள் வந்தன; கரையில் கற்று நீருக்குள் எழுதியபோது 8.6. நீருக்குள் கற்று நீருக்குள் எழுதியபோது 11.4, நீருக்குள் கற்றுக் கரையேறி எழுதியபோது 8.4.

இந்த எண்களைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்பவர்கள் இரண்டு செய்திகளை விட்டுவிடுகிறார்கள். அதே இருவர் 1980-இல் செய்த அடுத்த சோதனையில், சொல்லை எழுதச் சொல்லாமல், காட்டப்படும் சொல் பட்டியலில் இருந்ததா என்று மட்டும் கேட்டபோது இட வேறுபாடு எந்தப் பாதிப்பையும் காட்டவில்லை. சொல்லே கண்முன் இருக்கும்போது சூழலின் துணை தேவைப்படுவதில்லை. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உங்கள் முதனிலைத் தேர்வுக்கும், நினைவிலிருந்து எழுத வேண்டிய முதன்மைத் தேர்வுக்கும் உள்ள வேறுபாட்டோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மற்றொரு செய்தி, மூலச் சோதனையை மீண்டும் செய்து 2021-இல் வெளியிட்டவர்களுக்கு அதே முடிவு கிடைக்கவில்லை. சூழல் ஒத்திருந்தால் நினைவு எளிதாகும் என்பதற்கு வேறு பல ஆய்வுகளின் ஆதரவு இருக்கிறது; ஆனால் கரைக்கும் கடலடிக்கும் இடையிலான வேறுபாட்டை நம்பி, வீட்டு மாடிக்கும் தேர்வுக் கூடத்துக்கும் கணக்குப் போடுவது சரியாகாது.

உங்களுக்கு உண்மையில் பயன்படக்கூடியவை ஸ்டீவன் ஸ்மித்தின் ஆய்வுகள். ஓர் அறையில் சொற்களைக் கற்ற மாணவர்களை வேறோர் அறையில் சோதித்தபோது, எழுதத் தொடங்கும் முன் முதல் அறையை மனத்தில் விரிவாகக் காணுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டவர்கள், அதே அறையில் எழுதியவர்களுக்கு ஏறக்குறைய இணையாக எழுதினார்கள். இது 1979-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அவரும் கிளென்பெர்க், பியோர்க் ஆகியோரும் நடத்திய சோதனையில், ஒரே பட்டியலை இரண்டு வெவ்வேறு அறைகளில் படித்தவர்கள், ஒரே அறையில் இரண்டு முறை படித்தவர்களைவிட, புதிய இடத்தில் அதிகமாக நினைவுகூர்ந்தார்கள். ஒரு செய்தி பல சூழல்களோடு இணைந்துவிட்டால், எந்த ஒரு சூழலையும் அது நம்பியிருக்க வேண்டியதில்லை.

எனவே மாடி மூலையை விட்டு வெளியே வாருங்கள். ஒரே பாடத்தை ஒரு நாள் நூலகத்திலும், மறுநாள் கோயில் மண்டபத்திலும், பிறகு நண்பரின் வீட்டிலும் படியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத் தாளில் எழுதிப் பாருங்கள். தேர்வுக் கூடத்தில் விடை நினைவுக்கு வராவிட்டால், அதைப் படித்த இடத்தையும், பக்கத்தின் எந்தப் பகுதியில் அது இருந்தது என்பதையும், அப்போது காதில் விழுந்த ஓசையையும் அரை நிமிடம் மனத்தில் கொண்டுவாருங்கள். கூடத்தில் வந்த வெறுமைக்கு அச்சமும் காரணமாக இருக்கலாம். மணி பார்த்துக்கொண்டு, பழகாத இடத்தில் மாதிரித் தேர்வு எழுதிப் பழகுவது அதற்கும் நல்லது.

கேள்வி: கூடத்திலிருந்து எதையோ எடுக்கச் சமையலறைக்குப் போகிறேன். போனதும் எதற்கு வந்தேன் என்று தெரிவதில்லை. திரும்பிக் கூடத்துக்கு வந்தால் நினைவு வந்துவிடுகிறது. ஏன்?
— புதுச்சேரி வாசகி

ஓடிக்கொண்டிருக்கும் வாழ்க்கையை மூளை நிகழ்ச்சி நிகழ்ச்சியாகப் பிரித்துப் பதிகிறது. இடம் மாறுவது பெரும்பாலும் ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்குவதற்கான எல்லையாகிறது. கேப்ரியல் ராட்வான்ஸ்கி குழுவினர் நடத்திய சோதனைகளில், ஒரே அறைக்குள் நடந்தவர்களைவிட, அதே தொலைவை வாசலைக் கடந்து நடந்தவர்கள் கையிலிருந்த பொருளைப் பற்றிய கேள்விக்கு அதிகம் தடுமாறினார்கள். தேங்காய்த்துருவி வேண்டும் என்ற எண்ணம் கூடத்து நிகழ்ச்சியோடு கட்டப்பட்டது. கூடத்துக்குத் திரும்பியதும் அந்தச் சூழலே அதை எடுத்துக் கொடுக்கிறது. வாசலைக் கடக்கும்போது எடுக்க வேண்டிய பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போங்கள்.

கேள்வி: 74 வயதாகும் என் அப்பா, தம் பணிக்காலத்துக் கதைகளைத் தெளிவாகச் சொல்கிறார், ஆனால் சென்ற வாரம் என்னிடம் சொன்னதையே மீண்டும் முதன்முறை போலச் சொல்கிறார். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், அவர் முகம் வாடிவிடுகிறது. இது மறதி நோயா?
— கோயம்புத்தூர் வாசகர்

கதையைத் தெளிவாகச் சொல்கிறார் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் குறைவது, ‘இந்தக் கதையை இவனிடம் சொல்லிவிட்டேன்’ என்ற இணைப்பு. எந்தச் செய்தியை யாரிடம் சொன்னோம் என்பதை நினைவில் வைப்பது இளைஞர்களுக்கே எளிதன்று. நைஜல் கோபி, காலின் மக்லவுட் ஆகியோர் 2009-இல் காட்டியதுபோல, ஒரு செய்தியை யாரிடமிருந்து கேட்டோம் என்பதைவிட, யாரிடம் சொன்னோம் என்பதை நாம் மோசமாகவே நினைவில் வைக்கிறோம். பேசும்போது நம் கவனம் பேச்சின் மேல் இருக்கிறதே தவிர, கேட்பவர் மேல் குறைவாகவே இருக்கிறது. முதுமையில் இந்தக் குறை கூடுகிறது. மோஷே நவே-பெஞ்சமின் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, முதியவர்களுக்குத் தனித்தனிச் சொற்களை அடையாளம் காண்பதில் ஏற்படும் சரிவைவிட, எந்தச் சொல் எதோடு இணையாக வந்தது என்பதில் ஏற்படும் சரிவு மிகப் பெரிது.

ஆகவே இது மட்டும் இருந்தால் முதுமையின் இயல்பான மாற்றமாகவே இருக்கலாம். ஒரே உரையாடலுக்குள் சில நிமிட இடைவெளியில் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாலோ, பழகிய தெருவில் வழி தடுமாறினாலோ, பணக் கணக்கிலும் மருந்து உண்பதிலும் குழப்பம் வந்தாலோ காலம் தாழ்த்தாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அல்சைமர் நோயில் மிகத் தொடக்கத்திலேயே பாதிக்கப்படுவது, மேலே சொன்ன இரு ஓட்டங்களும் கடந்து செல்லும் என்டோரைனல் புறணிதான். பிள்ளைகளிடம் ஒன்று சொல்லுங்கள்: சிரிப்பதை விட்டுவிட்டு, “அந்த மேலாளர் அதற்கு என்ன சொன்னார், தாத்தா?” என்று கதைக்குள் ஒரு கேள்வி கேட்கட்டும். அவமானம் இல்லாமல் உரையாடல் முன்னே நகரும்.

கேள்வி: நேரில் பார்த்தவர் உறுதியாக அடையாளம் காட்டினால் அது தவறாக இருக்க முடியுமா?
— சேலம் வழக்கறிஞர்

முடியும். ஆஸ்திரேலிய உளவியலாளர் டொனால்ட் தாம்சனுக்கு 1970-களில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு பெண் தம் வீட்டில் கொடிய பாலியல் தாக்குதலுக்கு உள்ளானார். தாக்கியவர் என்று தாம்சனை அடையாளம் காட்டினார். ஆனால் தாக்குதல் நடந்த நேரத்தில் தாம்சன் நேரடி ஒளிபரப்பாகிய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பேசிக்கொண்டிருந்தார். தாக்கப்படுவதற்குச் சற்று முன் அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தது அதே நிகழ்ச்சியை. அவர் பொய் சொல்லவில்லை. முகம் சரியாகவே பதிந்தது. எந்தச் சூழலோடு அதைச் சேர்ப்பது என்பதில் நினைவு தவறியது. தாம்சன் பேசிக்கொண்டிருந்ததோ, நேரில் கண்ட சாட்சிகளின் நினைவைப் பற்றி.

இத்தகைய இணைப்பைச் செயற்கையாக உருவாக்கவும் முடியும் என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் சுசுமு டோனெகாவாவின் ஆய்வகம் 2013-இல் எலிகளிடம் காட்டியது. ஓர் அறையின் நினைவைத் தாங்கும் ஹிப்போகாம்பஸ் நரம்பணுக்களை ஒளியால் தூண்டியபடியே, வேறோர் அறையில் எலிக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு எந்தத் தீங்கும் நேராத முதல் அறையில் எலி அஞ்சி உறைந்து நின்றது. சாட்சிகளிடமிருந்து உண்மையை முழுமையாகப் பெற, ரொனால்ட் ஃபிஷரும் எட்வர்ட் கெய்செல்மனும் 1980-களில் வகுத்த விசாரணை முறையில், சாட்சியை முதலில் அந்த இடத்தையும், வெளிச்சத்தையும், தம் மனநிலையையும் மனத்தில் மீட்டெடுக்கச் சொல்கிறார்கள். குறுக்கிடாமல் பேச விடுகிறார்கள். அதோடு, சாட்சி அந்த முகத்தை வேறெங்காவது, குறிப்பாகச் செய்தியிலோ கைப்பேசியிலோ, முன்பே பார்த்திருக்கிறாரா என்பதை உங்கள் குறுக்கு விசாரணையில் கட்டாயம் கேளுங்கள்.

கேள்வி: என் கணவர் மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் இருந்தார். அங்கே குடிக்கும் எண்ணமே வரவில்லை என்றார். ஊர் திரும்பி, பழைய பேருந்து நிறுத்தத்தில் இறங்கிய அன்றே கை நடுங்கத் தொடங்கிவிட்டது என்கிறார். மனவுறுதி இல்லை என்று எல்லோரும் ஏசுகிறார்கள்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

ஏசுவதை நிறுத்தச் சொல்லுங்கள், அம்மா. மையத்தில் அவர் சொன்னதும் உண்மை, நிறுத்தத்தில் அவருக்கு நேர்ந்ததும் உண்மை. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் பவுட்டன் பல ஆண்டுகளாக விலங்குகளிடம் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்குகின்றன. ஒரு பழக்கம் அணைந்துபோகும்போது பழைய நினைவு அழிவதில்லை. ‘இனி இதற்குப் பயன் இல்லை’ என்ற புதிய நினைவு அதன் மேல் உருவாகிறது. அந்தப் புதிய நினைவு, அது கற்றுக்கொள்ளப்பட்ட சூழலோடு மிக இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது. சூழல் மாறியதும் பழைய நினைவு மீண்டும் தலைதூக்குகிறது. உங்கள் கணவர் குடிக்காமல் இருக்கக் கற்றது மையத்தின் அறைகளில். அந்தப் பேருந்து நிறுத்தத்தில் அதை அவர் இன்னும் கற்கவில்லை.

ஆலோசகரிடம் இதைச் சொல்லி, கடினமான இடங்களைப் பட்டியலிட்டு, முதல் சில மாதங்களுக்கு அவற்றைத் தவிர்க்க வழி செய்யுங்கள். ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்து வரலாம். தவிர்க்கவே முடியாத இடங்களுக்கு முதலில் நீங்களோ நம்பிக்கையான நண்பரோ உடன் செல்லுங்கள். கை நடுக்கம் தொடர்ந்தால் அது ஏக்கத்தால் வருகிறதா, உடல் சார்ந்த காரணம் ஏதும் உண்டா என்பதை மருத்துவர் பார்க்க வேண்டும். மையத்திற்கு வாரம் ஒரு முறையாவது தொடர்ந்து போய்வரட்டும். அங்கே போக இயலாத நாட்களில் ஆலோசகரோடு தொலைபேசியில் பேசுவதையும் அந்த நிறுத்தத்தைக் கடக்கும் நேரத்துக்கே வைத்துக்கொள்ளட்டும்.